போனவள், இருந்தவர், திரும்பி வந்தவர்

பாட்டும் அது வந்த வழியும் – 9

சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுத் திண்ணை நிறைந்துவிட்டது. ஏழு பேர். வாலாஜாபாத்தில் இப்படி ஒரு கூட்டம் சேரும் என்று இந்தத் தொடரைத் தொடங்கியபோது நான் நினைக்கவில்லை. வருகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். உங்களுக்குப் பிடித்த பாட்டு ஒன்றைக் கொண்டுவாருங்கள், அது எப்படிப் பிறந்தது என்று கேள்விப்பட்டதையும் கொண்டுவாருங்கள். பாடத் தெரிந்தவர்கள் பாடலாம், தெரியாதவர்கள் கைபேசியில் போட்டுக் காட்டலாம்.

போன வாரம் கோவூர் சுந்தரேச முதலியார் வீட்டில் தியாகராஜர் தங்கிய கதையை எழுதியிருந்தேன். பல்லக்கில் முதலியார் ரகசியமாக வைத்த பொற்காசுகள், வழியில் வந்த கள்வர்கள், காவலுக்கு வந்த இரண்டு வில்லாளி இளைஞர்கள், அதையொட்டிச் சொல்லப்படும் ‘முந்து வெனுக’ என்ற தர்பார் ராகக் கீர்த்தனை. “அது உண்மையில் நடந்ததா?” என்று கேட்டவர்கள் அதிகம். முன்னும் பின்னும் இரு பக்கமும் துணைக்கு வா என்று ராமனை அழைப்பது பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. வில்லாளிகள் பாட்டில் இல்லை, வழிவழியாகச் சொல்லி வந்தவர்களின் வாயில் இருக்கிறார்கள். நான் இரண்டையும் சொல்வேன், எது எங்கே இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்வேன். கதையைப் பாட்டாகவும் பாட்டைக் கதையாகவும் குழப்பிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவருக்கு நாம் செய்வது துரோகம்.

இந்த வாரம் முதலில் வாய் திறந்தவர் ஐயம்பேட்டையிலிருந்து சைக்கிளில் வந்த நெசவாளர். நாற்பது வருடமாகப் பட்டுத் தறி. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார், ஆனால் பாட்டைப் போடவில்லை. முதலில் சொன்னார்:

“தறியில உக்காந்தா பக்கத்துல ரேடியோ பாடிக்கிட்டே இருக்கும் சார். பாதிப் பாட்டுக்குப் பேரு தெரியாது. இது ஒண்ணு வந்தா மட்டும் நாடா தானா நின்னுடும்.”

பாட்டு ஒலித்தது. ஷியாமா சாஸ்திரியின் பைரவி ராக ஸ்வரஜதி. காமாட்சியை அழைத்துத் தொடங்குவது. மிஸ்ர சாபு தாளம். அவர் தொடையில் மூன்றும் நாலுமாகத் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்திலும் பிசகவில்லை. யாரிடமும் தாளம் கற்றவர் இல்லை அவர். பாட்டு முடிந்ததும் கேட்டார், “நம்ம காமாட்சி மேல பாடுனதுதானே? நம்ம காஞ்சிபுரத்துலதானே, அம்மன் சந்நிதியில நின்னு பாடியிருப்பாரு?”

“அம்மன் நம்ம அம்மன்தான் அண்ணா. பாடின இடம் தஞ்சாவூர்” என்றேன். அவர் முகம் வாடிப்போனது. அந்த வாட்டத்துக்குப் பதில் சொல்லத்தான் இந்த வாரக் கட்டுரை முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரத்துக் காமாட்சி கோயிலில் பங்காரு காமாட்சி என்ற பொன் விக்கிரகம் இருந்தது. தெலுங்கில் பங்காரு என்றால் பொன். அந்த விக்கிரகத்துக்குப் பூஜை செய்யும் பொறுப்பு ஷியாமா சாஸ்திரியின் முன்னோர்களிடம் இருந்தது. படையெடுப்புகளுக்கு அஞ்சி நகரமே நடுங்கிய காலத்தில் அம்மனை எடுத்துக்கொண்டு அவர்கள் புறப்பட்டார்கள். பொன் பளபளப்பு வெளியே தெரியாமல் இருக்க முகத்தில் புனுகு பூசி, துணியில் சுற்றி, வைசூரி கண்ட குழந்தையைத் தூக்கிப் போவதுபோலக் கொண்டுபோனதாகச் சொல்வார்கள். செஞ்சி, உடையார்பாளையம், அணக்குடி என்று ஊர் ஊராகத் தங்கி, தலைமுறைகள் கடந்து திருவாரூர் வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் 1762-இல் ஷியாமா சாஸ்திரி பிறந்தார். பிறகு ஹைதர் அலியின் படை சோழநாட்டில் புகுந்தபோது அம்மனோடு தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தார்கள். துளஜா மகாராஜா ஆதரவு தந்தார். இன்றும் மேல ராஜவீதியில் பங்காரு காமாட்சி இருக்கிறாள், புனுகு பூசிய கருமுகத்தோடு.

அந்தச் சந்நிதியின் அர்ச்சகர்தான் ஷியாமா சாஸ்திரி. ஒவ்வொரு நாளும் அவர் தொட்டுப் பூஜித்த அம்மனுக்குக் காஞ்சிபுரம் தாய்வீடு. அவரோ காஞ்சியை விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளை. பாட்டில் காஞ்சிக் காமாட்சியின் பெயரைச் சொல்லி அழைக்கிறவரின் குரலில் எனக்கு எப்போதும் ஊரை இழந்த குடும்பத்தின் ஏக்கமும் கேட்கிறது. இது என் காதுக்குக் கேட்பது, சரித்திரமாகச் சொல்லவில்லை.

ஸ்வரஜதி என்பது முன்பு ஆட்டத்துக்கான உருப்படி. ஜதிகள் நிறைந்தது. ஷியாமா சாஸ்திரி ஜதியை விலக்கிவிட்டு, ஸ்வரத்தையும் சாகித்தியத்தையும் மட்டும் வைத்து உட்கார்ந்து பாடுவதற்கு ஏற்றதாக அதை மாற்றினார். தோடி, யதுகுலகாம்போதி, பைரவி என்று மூன்று. மூன்றிலும் பைரவிக்குத்தான் என் மனம் அதிகம் போகிறது. காரணத்தை அன்று திண்ணையில் காட்ட முடிந்தது. வந்திருந்தவர்களில் ஒரு பெண் கல்லூரியில் படிக்கிறாள், வாரம் இரண்டு நாள் ரயிலில் காஞ்சிபுரம் போய்ப் பாட்டும் கற்றுக்கொள்கிறாள். அவளை ஒவ்வொரு சரணத்தின் தொடக்கத்தை மட்டும் பாடச் சொன்னேன். எட்டுச் சரணங்கள். முதல் சரணம் ஷட்ஜத்தில் தொடங்குகிறது. இரண்டாவது ரிஷபத்தில். மூன்றாவது காந்தாரத்தில். அப்படியே மத்திமம், பஞ்சமம், தைவதம், நிஷாதம். எட்டாவது சரணம் மேல் ஷட்ஜத்தில்.

நெசவாளர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “படி ஏறுறாங்க!” என்றார்.

ஆமாம். வாசலிலிருந்து கருவறை வரை ஒவ்வொரு படியாக ஏறிப்போய் அம்மன் முகத்துக்கு நேரே நிற்பதுபோல. நாற்பது வருடம் அந்தப் பாட்டுக்கு நாடாவை நிறுத்தியவருக்கு, அது ஏன் தன்னை நிறுத்தியது என்று அன்றுதான் பிடிபட்டது. இன்னொரு முறை போடச் சொன்னார். இந்த முறை தொடையில் தட்டவில்லை, ஒவ்வொரு சரணத்துக்கும் ஒரு விரலை மடக்கிக்கொண்டே வந்தார்.

ஷியாமா சாஸ்திரியைப் பற்றி இன்னொரு கதையும் உண்டு. பொப்பிலி கேசவய்யா என்ற பெரிய வித்துவான் விருதுகளோடு தஞ்சைக்கு வந்து, சிம்மநந்தன தாளத்தில் பாடிச் சபையைத் திகைக்க வைத்தாராம். மறுநாள் எதிர்த்துப் பாட வேண்டிய சாஸ்திரி, இரவு அம்மன் முன் அமர்ந்து ‘இதுதான் என்னைக் காக்க வேண்டிய சமயம்’ என்ற பொருளில் சிந்தாமணி ராகத்தில் ஒரு கீர்த்தனை பாடி வேண்டினார், சபையில் சரபநந்தன தாளத்தில் பாடி வென்றார் என்பார்கள். வாயாலேயே வந்த கதை இது. நீளமாக எழுத ஆசைதான், ஆனால் அன்று திண்ணையில் வேறு ஒரு பேச்சு எழுந்துவிட்டது.

ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவர், “நெசவுக்கும் பாட்டுக்கும் நம்ம ஊர்ல சம்பந்தம் புதுசா என்ன? தியாகராஜர் சிஷ்யர் வேங்கடரமண பாகவதர் நம்ம ஐயம்பேட்டைக்காரர்தானே, நம்ம வாலாஜாபாத்துலதானே இருந்தாரு?” என்று பெருமையோடு சொன்னார். நெசவாளர் கண் விரிந்தது. எனக்குத்தான் அதைத் திருத்த வேண்டியிருந்தது.

பாகவதர் பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கத்து ஐயம்பேட்டை. பிற்காலத்தில் குடியேறியது ராணிப்பேட்டை அருகிலுள்ள வாலாஜாபேட்டை. வாலாஜாபேட்டையும் சரி, நம் வாலாஜாபாத்தும் சரி, ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர்கள். அதற்கு மேல் தஞ்சாவூர்ப் பக்கமும் நம் பக்கமும் ஐயம்பேட்டை என்ற பெயரும் வந்து சேர்ந்தால் குழப்பம் வராமல் என்ன செய்யும்? ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதால் ஒரு மகானை நம் ஊருக்கு இழுத்துக்கொள்ள முடியாது.

ஆனால் நெசவாளர் பெருமைப்படுவதற்கு வேறு நியாயம் இருக்கிறது. வேங்கடரமண பாகவதர் பட்டு நெசவைக் குலத்தொழிலாகக் கொண்ட சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் தியாகராஜர் கீர்த்தனைகளை ஏட்டில் எழுதி வைத்தார்கள், அவர் வாழ்க்கையையும் எழுதி வைத்தார்கள். அந்த வாலாஜாபேட்டைச் சுவடிகள் இன்று மதுரைச் சௌராஷ்டிர சபையில் இருக்கின்றன. தியாகராஜரைப் பற்றி நாம் இன்று தெரிந்து வைத்திருப்பதில் ஒரு பெரும் பங்கு, பட்டு இழையை எண்ணிப் பழகிய ஒரு சமூகத்தின் கையிலிருந்து வந்தது. “எண்ணிப் பாக்கறவன் கை ஒண்ணையும் விடாது சார்” என்றார் நெசவாளர்.

அடுத்து அந்தக் கல்லூரிப் பெண் தன் பாட்டை எடுத்தாள். அவள் தேர்ந்தெடுத்ததும் பைரவி. முத்துஸ்வாமி தீட்சிதரின் ‘சிந்தய மாகந்த’. ரூபக தாளம். பேசி வைத்துக்கொள்ளாமல் இரண்டு பேரும் ஒரே ராகத்தைக் கொண்டுவந்தது எனக்குப் பெரிய சந்தோஷம்.

தீட்சிதர் திருவாரூர்க்காரர். சிறு வயதில் குடும்பம் சென்னைக்கு அருகே மணலிக்குப் போனது. அங்கே வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டு அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று நம் வீட்டுக் குழந்தைகள் கற்பது அவற்றைத்தான். அவர் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் பிடிலைக் கற்றுக்கொண்டு அதை நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். வாலாஜாபாத்திலும் கம்பெனிப் படைமுகாம் இருந்ததால், ‘இங்கேயும் பாண்டு கேட்டிருப்பாரோ’ என்று தபால்காரர் ஆசையோடு கேட்டார். வேண்டாம் என்றேன். மணலியே போதும்.

பிற்பாடு காசி யாத்திரை, திருத்தணி எல்லாம் கடந்து, தீட்சிதர் காஞ்சிபுரத்தில் நாலு வருடம்போல் தங்கினார் என்று சுப்பராம தீட்சிதர் எழுதுகிறார். 1904-இல் எட்டயபுரத்தில் அச்சான ‘சங்கீத ஸம்பிரதாய பிரதர்சினி’யில் அது இருக்கிறது. காஞ்சியில் உபநிஷத் பிரம்மம் என்ற துறவியிடம் வேதாந்தம் கேட்டார். நூற்றெட்டு உபநிஷத்துகளுக்கும் உரை எழுதிய பெரியவர் அவர். அந்த ஆண்டுகளின் விளைச்சல்தான் காஞ்சிபுரத்துக் கோயில்கள்மீது தீட்சிதர் செய்த கீர்த்தனைகள்.

‘சிந்தய மாகந்த’ ஏகாம்பரநாதர்மீது. ஐந்து பூதத் தலங்களுக்கும் அவர் பாடிய ஐந்து கீர்த்தனைகளில் மண்ணுக்கு உரியது. மாகந்தம் என்றால் மாமரம். கோயிலுக்குள் இருக்கும் அந்த மாமரத்தை அறியாத காஞ்சிபுரத்துக்காரர் உண்டா? சொற்களை அவர் ஒன்றோடொன்று கோர்த்து ஒலிக்கச் செய்யும் அழகு கேட்டால்தான் தெரியும். பாட்டுக்குள்ளேயே பைரவி என்ற ராகப் பெயரையும், குருகுஹ என்ற தன் முத்திரையையும், மண் லிங்கம் என்ற குறிப்பையும் வைத்திருக்கிறார். எந்த ஊர், எந்தச் சாமி, எந்த ராகம், யார் பாடியது என்று நாளைக்கு யாரும் கதை கட்ட வேண்டிய அவசியமே வைக்கவில்லை. தன் பாட்டுக்குத் தானே சாசனம் எழுதிய மனிதர்.

அவள் பாடி முடித்தபோது தெரு விளக்கு எரிந்துவிட்டது. ஒருவரும் பேசவில்லை. எனக்குள் ஒன்று ஓடியது, அப்போதே சொல்லிவிட்டேன்.

காஞ்சிபுரம் பயந்து நடுங்கிய அந்தக் காலத்தில் உற்சவமூர்த்திகளைப் பாடை கட்டி, பிணம் கொண்டுபோவதுபோல் ஊருக்கு வெளியே கடத்தினார்கள் என்று ஒரு மரபுச் செய்தி உண்டு. பொன் காமாட்சியும் போனாள், வரவேயில்லை. ஆனால் ஏகாம்பரநாதர் மண். அபிஷேகம்கூட மண் லிங்கத்துக்குச் செய்வதில்லை, ஆவுடையாருக்குத்தான். தண்ணீரே பட முடியாதவரை யார் பெயர்த்து எடுத்துப்போவது? அவர் அங்கேயே இருந்தார். ஊரை விட்டுப் போனவளை ஒருவர் பைரவியில் பாடினார். ஊரிலேயே இருந்தவரை இன்னொருவர் பைரவியில் பாடினார். ஷியாமா சாஸ்திரியின் பைரவி படிப்படியாக ஏறி அவளிடம் போகிறது. தீட்சிதரின் பைரவி மரத்தடியில் வேர்விட்டு உட்கார்ந்துவிடுகிறது. ஒரே ராகம்தான். இரண்டையும் ஒருநாள் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள்.

“அப்ப திரும்பி வந்தவங்க யாருமே இல்லியா?” என்று கேட்டது தபால்காரரின் பேத்தி. ஏழாம் வகுப்பு.

இருக்கிறாரே! வருஷா வருஷம் நம் வீட்டு வாசல் வழியாகவே போகிறாரே!

வரதராஜப் பெருமாளும் அந்த நாளில் போனவர்தான். உடையார்பாளையத்தில் போய் இருந்தார். ஆபத்து நீங்கிய பிறகும் பாளையக்காரர் திருப்பித் தர மறுத்தார். அத்தான் ஜீயர் வேண்டிக்கொள்ள, லாலா தோடர்மல்லர் படையோடு போய்ப் பெருமாளை மீட்டுக் காஞ்சிக்குக் கொண்டுவந்தார். 1710-ஆம் ஆண்டு. இது வாய்க்கதை இல்லை, வரதர் கோயிலில் கல்வெட்டாக இருக்கிறது. தோடர்மல்லரின் சிலையும் கோயிலில் இருக்கிறது, குடும்பத்தோடு கைகூப்பி நிற்கிறார்.

அந்த வரதர்தான் பொங்கல் இரவு காஞ்சியிலிருந்து கிளம்பி முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, வாலாஜாபாத் என்று வழியெல்லாம் மண்டகப்படி ஏற்றுக்கொண்டு பழையசீவரம் பார்வேட்டைக்குப் போகிறார். மறுநாள் மலை இறங்கி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம். அந்த இரவில் தூங்காமல் வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்த பழக்கம் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாருக்கும் உண்டு. பனியில் தூரத்து நாகஸ்வரம் முதலில் கேட்கும், தீவட்டி பிறகுதான் தெரியும். சங்கீதம் என்றால் என்ன என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அப்படித்தான், ஐந்து வயதில், அம்மா இடுப்பில்.

திரும்பி வந்த அவரைத்தான் தியாகராஜர் பாடினார். திருவையாற்றை விட்டு அதிகம் வெளியே போகாதவர். முதுமையில், உபநிஷத் பிரம்மத்தின் அழைப்பின்பேரில் காஞ்சிக்கு வந்தார் என்பது மரபு. அந்த யாத்திரையில்தான் திருப்பதி, கோவூர், திருவொற்றியூர் எல்லாம். காஞ்சியில் ஸ்வரபூஷணி ராகத்தில் ‘வரதராஜ நின்னு கோரி’ என்று ஒன்று. உன்னை நாடி வந்தேன் என்கிற பாட்டு. காமாட்சிமீதும் மத்தியமாவதியில் ஒன்று பாடினார், விநாயகனைப் பார்த்துக்கொள்வதுபோல என்னையும் பார்த்துக்கொள் என்று கேட்பது. ஸ்வரபூஷணி அபூர்வ ராகம். கச்சேரிகளில் நிறையப் பேர் பாடுவதில்லை. பாட வேண்டும் என்பது என் விண்ணப்பம். வரதர் கிளம்புகிற பொங்கல் இரவில் வழியோர மண்டகப்படி ஒன்றிலாவது அது ஒலிக்க வேண்டும். சினிமாப் பாட்டு ஒலிபெருக்கியில் போடும் நேரத்தில் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியாதா?

நேரம் ஆகிவிட்டது. நெசவாளர் கிளம்பும்போது அந்தப் பெண் அவரிடம் ஒன்று கேட்டாள். “ஐயா, கோர்வைப் புடவைன்னு சொல்றாங்களே, எங்க பாட்டு டீச்சரும் கோர்வைன்னு ஒண்ணு சொல்லித் தர்றாங்க. ரெண்டும் ஒண்ணா?”

அவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். ஒவ்வொரு ஊடைக்கும் உடலிழையும் கரையிழையும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்று நாடா ஓடும். ஒரு ஆளால் முடியாது, கரைப்பக்கம் நாடா போட இன்னொரு ஆள் வேண்டும். விரல்களைப் பின்னிக் காட்டினார். புடவை கிழிந்தாலும் கவ்வின இடம் கிழியாது என்றார். பாட்டில் கோர்வை என்பது தாளக் கணக்கில் கட்டிய ஒரு கோப்பு. மூன்று முறை சொல்லி, சரியாகப் பாட்டின் எடுப்பில் வந்து கவ்வ வேண்டும். அங்கேயும் மிருதங்கக்காரர் என்ற இன்னொரு ஆள் வேண்டும்.

இந்தத் தாளக் கணக்கில் காஞ்சிபுரமே ஒரு காலத்தில் குருவாக இருந்தது. காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை. 1889 முதல் 1934 வரை வாழ்ந்தவர். அவர் தாயின் சகோதரி தனகோடி அம்மாள் பேர்பெற்ற பாடகி. பல்லவியிலும் லயத்திலும் நாயனாப் பிள்ளையின் பிடிக்குப் பக்கவாத்தியக்காரர்களே அஞ்சுவார்கள். மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் என்று முழுப் பக்கவாத்தியமும் வைத்துத்தான் பாடுவார். அவர் குரல் ஒரு இசைத்தட்டிலும் இல்லை. சித்தூர் சுப்பிரமணிய பிள்ளை, தி. பிருந்தா போன்ற சீடர்களின் தொண்டை வழியாக மட்டுமே நமக்கு வந்து சேர்ந்தவர். அவர் காஞ்சியில் நடத்திய தியாகராஜ உற்சவத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து, கேட்டதையெல்லாம் வீட்டுக்குப் போய்ப் பாடிப் பார்த்த ஒரு சிறுமிதான் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள்.

தாமல் காஞ்சிபுரத்துக்கு மேற்கே. அடுத்த சனிக்கிழமை அந்தச் சிறுமியின் கதை. கூட்டம் எங்கள் திண்ணையில் இல்லை, ஐயம்பேட்டையில், நெசவாளர் வீட்டில். தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் போட்டு வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பைரவி ஸ்வரஜதியை எட்டுச் சரணமும் முழுதாகப் பாட வேண்டுமாம். அதுவரை நாடாவைத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தார்.

(தொடரும்)